கல்வெட்டின் முன் ஒரு திரைக்கதைக் குழு

நாவலாசிரியர் "ஆதுலர் சாலைக்குள் நுழைந்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். படம் எடுப்பவருக்கு அது போதாது. அந்த மருத்துவமனைக்குள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், தண்ணீர் கொண்டுவருவது யார், விளக்கு எங்கே எரிகிறது என்று தெரியாமல் ஒரு ஷாட்கூட வைக்க முடியாது. சோழர் காலத் தொடர்கதை ஒன்றைத் திரைக்கதையாக்கிக்கொண்டிருக்கும் ஒரு குழு, இதற்கெல்லாம் விடை தேடித் திருமுக்கூடலுக்குப் புறப்பட்டது. அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க நானும் சேர்ந்துகொண்டேன்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் இது. பழையசீவரத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்து நடந்த வேதக் கல்விச் சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. ஆதுலர் சாலையில் நோயாளிகள் 15 பேர். வைத்தியரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். அவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை மருத்துவம் செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. இரவு எரியும் விளக்குக்கு எண்ணெயும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கலை இயக்குநரின் உதவியாளர் கல்வெட்டுப் பாடத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். சுவரில் வரியைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தவர் விளக்கில் நின்றார்.

"ராத்திரிக்கு ஒரே விளக்குதான் சார் இருக்கு."

ஒளிப்பதிவாளர் அதைக் கேட்டதும் திரும்பினார். "அப்போ அந்த சீன் முழுக்க அந்த ஒரு வெளிச்சம்தான். மத்ததெல்லாம் இருட்டா விட்டுடலாம்."

நாவலில் அந்த இரவு, காயம்பட்டுக் கிடக்கும் வீரனின் மனவோட்டமாகப் பல பக்கங்களுக்கு நீள்கிறது. அதை வாய்ஸ் ஓவரில் சொல்ல இயக்குநருக்கு விருப்பமில்லை. கோயில் திண்ணையில் உட்கார்ந்தே அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினார். பணிப்பெண் ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு ஒவ்வொரு நோயாளியிடமும் போகிறாள். விளக்கை விட்டு விலக விலக முகங்கள் மங்குகின்றன. கடைசியில் கிடக்கும் வீரன் செம்பை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பக்கம் பக்கமாக இருந்த குற்றவுணர்வு அந்த ஒரு திரும்பலில் வந்துவிட்டது.

குழுவின் உதவி இயக்குநர் ஒருவர் செய்யும் வேலை வெளியே தெரியாதது. நாவலின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒன்லைனாகச் சுருக்கி, தனித்தனி அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். தொடர்கதை என்றால் வாராவாரம் வாசகரைக் காக்கவைக்க அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல் இருக்கும். போன வாரம் நடந்ததை நினைவூட்டும் பத்திகளும் இருக்கும். சீன் ஆர்டர் போடும்போது முதலில் போவது இவைதான். அதன்பிறகே கடினமான வேலை தொடங்குகிறது. எந்தக் கதாபாத்திரத்தை விடுவது, எந்த இருவரை ஒருவராக்குவது என்று டிஸ்கஷன் நடக்கும். அவர் ஓர் அட்டையை எடுத்து ஓரமாக வைக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் அதற்காக வாதாடுகிறார்.

இந்த வாதம் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகத்தான் திரைக்குள் அடங்கியது. அதன் திரைக்கதையில் பங்கேற்ற இளங்கோ குமரவேல், 1999இலேயே அந்த நாவலை மேடை நாடகமாக்கியவர். பூமணியின் 'வெக்கை' தலைமறைவாகத் திரியும் தகப்பனும் மகனுமாக எட்டு நாள்களில் முடியும் நாவல். வெற்றிமாறன் 'அசுரன்' (2019) எடுத்தபோது தகப்பனுக்கு ஒரு கடந்தகாலத்தைச் சேர்த்தார். மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு 'உதிரிப்பூக்கள்' (1979) என்ற வேறொரு வாழ்க்கையையே படைத்தார். மூவரும் மூன்று வழியில் போனார்கள். மூலத்தை ஊன்றிப் படித்தவர்கள் என்பதுதான் மூவருக்கும் பொது.

"வாசகர் ஒவ்வொருத்தர் மனசுலயும் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கிட்டிருக்கு. அதோட போட்டி போட முடியாது. அந்த எழுத்தாளர் எதுக்காகத் தவிச்சு எழுதினார்னு புரிஞ்சா போதும், அதை விடக்கூடாது" என்றார் இயக்குநர்.

வெளியே கல்குவாரி லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. இங்கே நேரடி ஒலிப்பதிவு நடக்காது என்று ஒலிப்பதிவாளர் சொல்லிவிட்டார். உட்புறக் காட்சிகளை சென்னையில் செட் போட்டு எடுக்க முடிவாயிற்று. செட்டின் அளவுகளுக்கு ஆதாரம் மட்டும் இந்தச் சுவரிலிருந்து போகும்.

நாவலைப் படமாக்குவது கதைப் பஞ்சத்துக்குக் குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் இந்தக் குழுவோடு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சொந்தக் கதை எழுதுவதைவிட இதற்கு அதிகப் படிப்பு வேண்டும், அதிகப் பொறுமையும் வேண்டும். தயாரிப்பாளர்கள் அந்தப் படிப்புக்கான மாதங்களையும் பட்ஜெட்டில் சேர்க்கட்டும். எழுத்தாளருக்கு உரிய தொகையைக் கொடுத்து, டைட்டிலில் அவர் பெயரைத் தெளிவாகப் போடட்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படம் பார்த்துவிட்டு "நாவல் மாதிரி இல்லை" என்று சொல்வதற்கு முன், நாவலை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.