ஒரே ரோலருக்கு இரண்டு விலை

போன தீபாவளி விடுமுறைக்குக் கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து வந்த என் அக்கா பேரன், நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் ஓர் ஆட்டம் ஆடினான். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி அந்தக் கதைக்குள் நடக்கிறார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்கிறது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றான் பேரன். நான் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துப் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு வாளின் விலையில் தகராறு வந்தது. அதற்குமேல் எனக்குக் கட்டு ஓடவில்லை.

ஒரு பையனிடம் ஒன்றாம் தரத்து மாய வாள் இருக்கிறது, கையில் பொன்னும் சேர்ந்திருக்கிறது. அதே வாளை இரண்டாம் தரமாக்க வேண்டும். அவர்கள் வைத்திருந்தது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பின் கணக்கு. தரத்தை அதே எண்ணால் பெருக்கி, அதை 2,000 பொன்னால் பெருக்கினால் விலை. ஒன்றாம் தரம் 2,000, இரண்டாம் தரம் 8,000, மூன்றாம் தரம் 18,000. இருக்கிற வாளை மெருகேற்றினால் வித்தியாசம் 6,000 கொடுத்தால் போதும். கடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால், பழசுக்குப் பாதி விலைதான் கிடைக்கும் என்பதால் 7,000 ஆகும். இன்னொரு பையன், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்புதான் நியாயம் என்றான். அதில் மாயப் பொருளுக்குத் தனித்தனி விலை கிடையாதாம். 'அரிது' என்ற வகைக்கு 501 முதல் 5,000 பொன் வரை என்று எல்லை மட்டும் உண்டு, மீதி கதை சொல்கிறவன் விருப்பம். "அப்போ நீ வெச்சதுதான் சட்டமாடா?" என்றான் வாள்காரன். இதே கேள்வியை வேறு வார்த்தைகளில், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, மூன்று வருஷம் கேட்டவன் நான்.

என் கட்சிக்காரர் சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை வக்கீல் சார் என்பார். பட்டாசு லேபிளும் தினசரி காலண்டர் அட்டையும் அவர் தொழில். 1998-ல் 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஜெர்மன் இயந்திரம் வாங்கி, ஏஜென்ட் எழுதிக் கொடுத்தபடி 8 லட்சத்துக்குத் தீ இன்ஷூரன்ஸ் போட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே பாலிசி, அதே 8 லட்சம். 2006-ல் 5 லட்சம் செலவழித்து அந்த இயந்திரத்தின் தண்ணி ரோலர் பகுதியையும் கன்ட்ரோல் பேனலையும் அடியோடு மாற்றினார். மணிக்கு ஓடுகிற தாள் கூடியது, கழிவு குறைந்தது. பாலிசியில் மட்டும் ஒரு வரி கூடவில்லை. கூட்டியிருந்தால் பிரீமியம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தோம். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2008 ஏப்ரலில் பக்கத்துக் காகித கோடவுனில் பிடித்த தீ சுவர் தாண்டி வந்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது ரோலர்களின் ரப்பர் உருகி, இரும்புத் தண்டில் கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி வழிந்து நின்றது. வேலை பார்த்த மெக்கானிக் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டி, "இது பழசு, இது நாம போட்டது" என்று வாசனையை வைத்தே பிரித்துச் சொன்னார். பழுது பார்க்க 6 லட்சம் என்று கணக்கு வந்தது: பழைய பாகங்களுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், புதிதாகப் போட்டவற்றுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம்.

இந்த மாதிரி இழப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனி தானாக மதிப்பிட்டுவிட முடியாது. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். சர்வேயர் வந்தார். 2006 வேலைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அண்ணாச்சியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எந்தப் பாகம், என்ன விலை, யாரிடம் வாங்கியது என்று பென்சிலில் வரிவரியாக எழுதி, பில்களை நூலால் கோத்து வைத்திருந்தார். கொடுக்கலாமா என்று என்னைத்தான் கேட்டார். மறைத்தால் சந்தேகம் வரும், எல்லாவற்றையும் கொடுங்கள் என்றேன். வழக்கறிஞன் சொல்லவேண்டிய பதில் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் எங்களுக்குக் குழி வெட்டியது என்பதும் உண்மை.

அறிக்கையை மூன்று தடவை படித்த பிறகே அதன் சூட்சுமம் பிடிபட்டது. பழைய இயந்திரத்தின் அன்றைய மதிப்பு 8 லட்சம். 2006-ல் போட்ட 5 லட்சத்தில் தேய்மானம் போக 4 லட்சம். ஆகமொத்தம் 12 லட்சம் பெறுமான இயந்திரத்தை 8 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருப்பதால் இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இது அப்போதைய தீ பாலிசிகளில் வழக்கமாக இருந்த விதி, தப்பில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் இழப்பைக் கணக்கிடும்போது, புதிய பாகங்கள் பாலிசியில் சொல்லப்படவில்லை என்று அந்த 2 லட்சத்து 40 ஆயிரத்தை முழுதாக அடித்துவிட்டார். மிச்சம் 3 லட்சத்து 60 ஆயிரத்தில் பாதி தேய்மானம் போக 1 லட்சத்து 80 ஆயிரம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, 1 லட்சத்து 20 ஆயிரம். புது ரோலர் எங்களுக்குக் குறைக்கும்போது இருந்தது, கொடுக்கும்போது இல்லை.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் 2009-ல் வழக்குப் போட்டோம். அப்போது அந்த மன்றத்தின் வரம்பு 20 லட்சம். தொழிலுக்காகப் போட்ட பாலிசி, இவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதலில் ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தது. காப்பீடு என்பது இழப்பை ஈடுகட்டத்தானே தவிர லாபம் பார்க்க அல்ல என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் தேசிய ஆணையம் 2004-லேயே சொல்லிவிட்டதால் அது நிற்கவில்லை. (உச்ச நீதிமன்றம் அதை 2023-ல் உறுதி செய்தது.) சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே முடிந்த முடிவல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல்தான் சொல்லியிருந்தது, அது கைக்கு வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அண்ணாச்சியின் வருமான வரிக் கணக்கை எடுத்து நீட்டினார். ஆண்டுக்கு 25 சதவீதமும், பிறகு 15 சதவீதமும் தேய்மானம் எழுதியதில் அந்தப் பழைய இயந்திரம் ஏட்டில் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. "வரி கட்டும்போது ஒரு லட்சம், எங்களிடம் கேட்கும்போது எட்டு லட்சமா?" என்றார். உறுப்பினர் ஒருவர் சிரித்தேவிட்டார். வரிக்கணக்கின் தேய்மானம் நாடு முழுக்க எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தட்டும் என்று வைத்த ஒரு முரட்டு அளவுகோல்; எந்த இயந்திரத்தையும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை; அதனால்தான் அது சுலபம். அது சந்தை விலை ஆகாது என்று நான் சொன்னேன். மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. சுலபமான கணக்கு எங்களுக்கு லாபமாக இருந்த இடத்தில் நாங்களும் அதைத்தானே பிடித்துக்கொண்டிருந்தோம்?

என் வாதம் ஒன்றே ஒன்று. புதிய பாகங்களை இயந்திரத்தின் அங்கம் என்று கொண்டால் இரண்டு இடத்திலும் அங்கம். அந்நியம் என்று கொண்டால் இரண்டு இடத்திலும் அந்நியம். அங்கம் என்றால் பழைய பாகத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், புதியதற்குத் தேய்மானம் போக 1 லட்சத்து 92 ஆயிரம், கூட்டி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 2 லட்சத்து 48 ஆயிரம். அந்நியம் என்றால் இயந்திரம் 8 லட்சம், காப்பீடும் 8 லட்சம். பங்கு பிரிக்க இடமே இல்லை, 1 லட்சத்து 80 ஆயிரம் முழுசாக வரவேண்டும். முதல் கணக்கு உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது, நான் அதைக் கேட்டேன். இரண்டாவது கணக்கு ஒரு தாளின் பாதியில் முடிந்துவிடும்.

2009 ஜூனில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 1 லட்சத்து 80 ஆயிரம் தருகிறோம், முழுமையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். ஆர்டர்கள் அதன் பின்னால் வரும். அண்ணாச்சி என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இத வாங்கிப் போட்டு, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கி ஓட்டிருவேன், என்ன சொல்றீங்க சார்?" என்றார். நம் பக்கம் வலுவாக இருக்கிறது, 68 ஆயிரத்தை எதற்கு விடவேண்டும் என்றேன். அவர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "நீங்க படிச்சவுக" என்று எழுந்தார்.

2012-ல் தீர்ப்பு வந்தது. பாலிசியில் இல்லாத பாகத்தை இழப்பில் சேர்க்க முடியாது. அதே காரணத்தால் மதிப்பிலும் சேர்க்க முடியாது. ஆகவே 1 லட்சத்து 80 ஆயிரமும் 9 சதவீத வட்டியும். தீர்ப்பைப் படித்தால் பள்ளிப் பையனுக்கும் புரியும். அதில் குற்றம் காண எனக்கு எதுவும் இல்லை. கம்பெனியும் அப்பீல் போகவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அண்ணாச்சி நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய் வட்டியில் வாழ்ந்திருந்தார், அது வருஷத்துக்கு 24 சதவீதம். தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த இயந்திரத்தை 2010-லேயே பாகம் பாகமாக விற்றுவிட்டு, வேறொருவர் அச்சகத்தில் போர்மேனாகச் சேர்ந்திருந்தார். செக்கை வாங்கிக்கொண்டு, என் பீஸைக் கேட்டார். நான் வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், பாதி வாங்கினேன்.

திண்ணையில் பையன்கள் கடைசியில் வித்தியாசம் 6,000 பொன் என்று முடிவு செய்துகொண்டார்கள். நாளைக்கு வாள் உடைந்தால் எந்தத் தரத்து வாளாகக் கணக்கு என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான் பேரன்.

மன்றத்தில் சான்றாவணம் ஏ7 என்று முத்திரை குத்திய அண்ணாச்சியின் நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்தேன். அண்ணாச்சி வந்து கேட்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் 'அடுத்த வருசம்' என்று தலைப்பிட்டு இரண்டு பாகங்களின் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கு எதிரே விலை இருக்கிறது. இன்னொன்றுக்கு எதிரே, விசாரிக்கணும் என்று இருக்கிறது.