கட்டுமரக் கயிறும் கொதிக்கும் தண்ணீரும்

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஊர்க்காரர்கள் எதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? தனிம வரிசை அட்டவணையையா? எங்கள் குடிகாட்டுப் பக்கம் இரண்டே கேள்விகள்தான். ஒன்று, “தண்ணியக் காய்ச்சிட்டா எல்லாம் சரியாப் போயிடும் இல்ல சார்?” இன்னொன்று, “வாடை நின்னுடுச்சே, இனிமே பயமில்லதானே?” இரண்டுக்கும் பதில் பதினோராம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தின் பெயர்: வேதிப் பிணைப்பும் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகளும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நம் வயதுக்காரர்கள் கட்டுமரத்தைப் பார்த்தவர்கள். நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். கயிறு அவிழ்ந்தாலும் மரம் மரமாகவே இருக்கும். மரத்தைப் பிளக்க வேண்டுமென்றால் கோடாலி வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சகப்பிணைப்பால் சேர்ந்தது ஒரு தண்ணீர் மூலக்கூறு. இதுதான் மரம். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை இழுத்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. இது கயிறு. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள சகப்பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 460 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது நாம் கயிற்றைத்தான் அவிழ்க்கிறோம். மரத்தைத் தொடுவதே இல்லை. ஆவியும் அதே தண்ணீர்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். காய்ச்சினால் கிருமி சாகும். அது உண்மை, காய்ச்சுவதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஆனால் உப்பு போகாது. உப்பில் சோடியம் அயனியையும் குளோரைடு அயனியையும் பிடித்து வைத்திருப்பது அயனிப் பிணைப்பு. உப்பை உருக்கவே 801 டிகிரி வேண்டும். தண்ணீரில் கரைந்த பிறகும் அந்த அயனிகள் 100 டிகிரியில் ஆவியோடு கிளம்புவதில்லை. ஐந்து லிட்டரை நாலு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் உப்பின் அளவு அதேதான். செறிவு கால் பங்கு கூடிவிடும். கரைந்திருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கும் இதே கணக்குதான்.

“அப்புறம் பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அது உப்பு போறதுதானே?” என்று ஒரு ஆயா மடக்கினார். நல்ல கேள்வி. அது சுண்ணாம்புப் படிவு. கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிகிறது. அங்கே உண்மையாகவே வேதிமாற்றம் நடக்கிறது. ஆனால் அதனால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும்தான் குறையும். கரிப்பு அப்படியே இருக்கும்.

இரண்டாவது கேள்வி வாடை. தனிம வரிசையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருப்பது கந்தகம். ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். பிச்சாவரத்துச் சேற்றைக் கிளறினால் வருவது. சாக்கடையிலும் சில ஆலைக் கழிவுகளிலும் பிறப்பது. தண்ணீருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் 100 டிகிரியில் கொதிக்கிறார். தம்பியோ பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறார். கந்தகம் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் அளவுக்கு இழுப்பதில்லை. அதனால் மூலக்கூறுகளுக்கு இடையே கயிறு மிகத் தளர்வு. கிணற்றில் தங்காமல் காற்றில் ஏறி மூக்குக்கு வந்துவிடுகிறது. காற்றோட்டம் குறைந்த இரவுகளில் தரையோடு தேங்கியும் நிற்கும்.

நம் மூக்கு நல்ல கருவிதான். 2004-ல் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதி மக்கள் வாடை வரும் நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடியது அறிவியல் என்ற நினைப்பை மாற்றிய வேலை அது.

ஆனால் இந்த வாயுவிடம் ஒரு சூது இருக்கிறது. அளவு குறைவாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது போலத் தோன்றும், வாயு நின்றிருக்காது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மேலே வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வாடை திடீரென்று மறைந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள். முதலில் விலகி வாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தண்ணீருக்கு ஒரு யோசனை. குடிநீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கழுவிய பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். உலோகம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். கையில் தாள் வந்த பிறகு, அடுப்பா வடிகட்டியா, இல்லை வேறு கிணறா என்று முடிவு செய்யலாம்.