ரோகலாண்டும் எங்கள் திருவாரூரும்

"நார்வேல எண்ணெய் இருக்கு, அதான் பணக்கார நாடு." ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஓஸ்லோவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இங்கே ஒரு எண்ணெய்க் கிணற்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் திருவாரூர் பக்கம் வயலுக்கு நடுவே சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதனாலேயே, நார்வேயின் எண்ணெய் மாவட்டமான ரோகலாண்ட் மேல் எனக்குத் தனி ஆர்வம்.

ரோகலாண்ட் தென்மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 5 லட்சம், தலைநகர் ஸ்டாவாங்கர். அதற்குத் தெற்கே யேரன் என்ற சமவெளி. மாடு, பன்றி, உருளைக்கிழங்கு, வயலில் பொறுக்கிய கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். போன கோடையில் அப்பா வந்திருந்தபோது அந்த வழியாகக் காரில் கூட்டிப்போனேன். "இந்தக் கல்லு இல்லன்னா நம்ம ஊரேதான்" என்றார்.

எண்ணெய்க்கு முன்னால் இந்த மாவட்டத்துக்குச் சோறு போட்டது மீன். ஸ்டாவாங்கரில் டப்பாவில் அடைத்த சிறு மீன் உலகமெல்லாம் போனது. 1960களில் அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1966-ல் வட கடலில் தோண்டிய முதல் கிணற்றில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. 1969 கடைசியில் எக்கோஃபிஸ்க்கில் எண்ணெய் கிடைத்தது. 1971-ல் உற்பத்தி தொடங்கியது.

ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காத 1963-லேயே, கடலடி வளம் அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார்கள். 1972-ல் பாராளுமன்றம் அரசு எண்ணெய் நிறுவனத்தையும் (இன்றைய ஈக்வினோர்) எண்ணெய் இயக்குநரகத்தையும் உருவாக்கியது. இரண்டையும் தலைநகர் ஓஸ்லோவில் வைக்காமல் ஸ்டாவாங்கரில் வைத்தார்கள். வேலையும் படிப்பும் அந்த மாவட்டத்திலேயே தங்கின.

அந்த அமைப்பை உருவாக்க உதவியவர்களில் ஒருவர் ஃபாரூக் அல்-காசிம். ஈராக்கின் பாஸ்ராவைச் சேர்ந்த புவியியலாளர், மனைவி நார்வேக்காரர். மகனின் சிகிச்சைக்காக 1968-ல் குடும்பத்தோடு வந்தவர், ஓஸ்லோவில் தொழில் அமைச்சகத்துக்குள் நேராகப் போய் வேலை கேட்டாராம். நம்மைப்போல வெளியிலிருந்து வந்தவர். நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் தங்குதளம் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஒரு தாங்குகுழாயின் வெல்டிங்கில் இருந்த விரிசல்தான் தொடக்கம். 2014-ல் எண்ணெய் விலை சரிந்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

"எண்ணெய் எடுக்கற எடம் எங்கப்பா?" என்று அப்பா கேட்டார். எக்கோஃபிஸ்க் கடலுக்குள்ளே 300 கிலோமீட்டருக்கு மேல் என்றேன். "அப்ப வயலுக்குப் பயமில்ல."

அவர் சொன்னது சரி. காவிரிப் படுகையில் எண்ணெய் நெல்லுக்கு அடியிலேயே இருக்கிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து, தீப்பிடித்து, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. புதிய கிணறுகளுக்குத் தடை, பழையவை ஓடுகின்றன.

கடலும் வயலும் வேறுதான். ஆனால் கணக்கு? நார்வேயின் எண்ணெய் நிதிக்கு 1990-ல் சட்டம் வந்தது, 1996-ல் முதல் பணம் போட்டார்கள். இன்று அதன் மதிப்பை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கம் நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு மாநில அரசுக்கு ராயல்டி போகிறது. அதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டால், ஊரில் சொல்ல ஆளில்லை. எங்கள் வயலுக்கு அடியிலும் ஒரு குழாய் போகிறது. அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை.

அந்த நிலம் நாளைக்கு எனக்கும் தங்கச்சிக்கும் வரும். "விக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். விற்பதாக இல்லை. அப்பா ஊருக்குப் போனதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத உட்கார்ந்துவிட்டார். குழாயில் என்ன போகிறது, எப்போது சோதித்தார்கள், கசிந்தால் யாரைக் கூப்பிடுவது. மூன்றே கேள்விதான். வாட்ஸப்பில் அனுப்பினார், எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.