கூடம் கோணல்தான்

பொம்மனஹள்ளியில் என் வீட்டுக் கூடத்துக்கு வழவழப்பான வெள்ளை டைல்ஸ். மாடியில் குடியிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஒரு மாதம் அதுதான் பயிற்சி மைதானம். அவன் அம்மா ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்கிறவர். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். "மேல இடமில்லக்கா, உங்க கூடத்துல ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று அவர்தான் கேட்டார்.

பள்ளிகளுக்கிடையே ரோபோ போட்டி. ஷூ பெட்டி அளவு வண்டி, இரண்டு மோட்டார், இரண்டு ரப்பர் சக்கரம். இத்தனை விநாடி நேரே போ, இத்தனை விநாடி திரும்பு, மரக்கட்டையைக் கோட்டுக்கு அப்பால் தள்ளு என்று அதற்குக் கட்டளை எழுதியிருந்தான். என் கூடத்தில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போட்டியன்று தரையில் பிளெக்ஸ் விரித்திருந்தார்கள். காலையிலிருந்து பலர் நடந்து ஒரே புழுதி. வண்டி கட்டையைத் தொட்டது, சக்கரங்கள் சுழன்றன, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. முதல் சுற்றிலேயே வெளியேறினான். "தரை சரியில்லை அத்தை" என்றான். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குப் பழமொழிக்கா பஞ்சம்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். ஒரு வாரம் கீழே இறங்கவே இல்லை. "சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையாம்க்கா, அதையே சொல்லிட்டிருக்கான்" என்றார் அம்மா.

உறுத்தியது. படித்துப் பார்த்தேன். மோட்டார் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், தரை அனுமதிக்கும் அளவுக்கு மேல் வண்டியால் தள்ள முடியாது. அந்த அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: மோட்டார் ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும் எடை, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. வழவழப்பாக இருந்தாலும், சுத்தமான டைல்ஸைச் சுத்தமான ரப்பர் இறுகப் பற்றும். நடுவே புழுதி வந்தால் பிடி போயிற்று. வழுக்கத் தொடங்கிய பிறகு உராய்வு இன்னும் குறைகிறது. எனவே வழுக்கும் தரையில் மெதுவாகக் கிளம்புகிற வண்டிதான் அதிகம் தள்ளும். கார்ப்பெட்டில் கதையே வேறு. நூலிழைகள் சக்கரத்தின் பற்களைக் கவ்விக்கொள்ளும். தள்ளுவதற்கு நல்லது, ஆனால் நான்கு சக்கர வண்டி நின்ற இடத்தில் திரும்ப முயன்றால் சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்து மோட்டார் திணறும்.

அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' பள்ளி மாணவர் ரோபோ போட்டி வழக்கமாகக் கார்ப்பெட்டில் நடப்பது. மனிதன் நிலவில் இறங்கிய 40-ம் ஆண்டான 2009-ல், வேண்டுமென்றே வழுக்கும் பிளாஸ்டிக் தகடு பரப்பி, எல்லா அணிகளுக்கும் ஒரே வகை வழுக்குச் சக்கரம் கொடுத்தார்கள். ஆனால் என்ன தரை என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். வழுக்கல் அநியாயம் அல்ல; சொல்லாமல் விடுவதுதான் அநியாயம். வசதியுள்ள பள்ளி எல்லாத் தரைகளையும் வாங்கி விரித்துப் பழகிக்கொள்ளும். மாடி வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது என் கூடம் ஒன்றுதான்.

இதே பெங்களூரில் இஸ்ரோ என்ன செய்தது? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையை அரைத்து, நிலவின் மண்ணைப் போலத் தயாரித்து, அதில் ரோவரின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய 26 கிலோ பிரக்யான், ஆறு சக்கரங்களில் நூறு மீட்டருக்கு மேல் ஓடியது. விஞ்ஞானி தரையைப் பற்றிக் கவலைப்பட்டால் முன்யோசனை. பையன் பேசினால் சாக்கா?

மாடியேறிப் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். "பரவாயில்ல அத்தை, சக்கரத்தையாவது நான் துடைச்சிருக்கணும்" என்றான். என்னைவிடப் பெரிய மனசு.

மறுநாள் அம்மா எங்கிருந்தோ ஒரு பழைய கல்யாண பிளெக்ஸைக் கொண்டுவந்தார். மணமக்கள் முகம் மேலே தெரிய என் கூடத்தில் விரித்தோம். பையன் சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்தான். அச்சுக்கு நேர் மேலே இரண்டு டார்ச் பேட்டரிகளைக் கட்டினான். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்படி கட்டளையை மாற்றினான். கட்டை நகர்ந்தது. பத்துக்கு ஏழு முறை.

அடுத்த போட்டி வேறொரு அமைப்பு நடத்துவது. அவன் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இருபது வருடமாக மொழிபெயர்க்கிறேன். இவ்வளவு சிறிய கடிதத்தை இவ்வளவு கவனமாக எழுதியதில்லை. அதில் ஒரே ஒரு கேள்விதான்: "உங்கள் தரை என்ன தரை?"

பதிலுக்குக் காத்திருக்கிறோம். மணமக்கள் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறார்கள். ஓரமாக நடந்து சமையலறைக்குப் போகிறேன்.