பிழைச் செய்தியும் வாசிப்பும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைதல் வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ, லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் நேரும் கோளாறுகளைக் களையும் வகைபற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்கு இஃது உரிய பொருளோ என்பார்க்கு எமது விடை இதுவே: அவ்வேலையிற் பெரும்பகுதி வாசிப்பு, வாசிப்போ எமது தொழில்.

லினக்ஸின் கருவை 1991 ஆம் ஆண்டிலே வெளியிட்டவர், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர். அக்கருவோடு பலர் ஆக்கிய மென்பொருள்களும் சேர்ந்தே முழு முறைமையாகின்றது. எமது கணினிக்கூடத்தில் இயங்குவது, இயன் மர்டொக் என்பார் 1993 இல் தொடக்கிவைத்த டெபியன் என்னும் வகை. பழைய மாணவர் உவந்தளித்த, சற்றே வயது முதிர்ந்த கணினிகளிலும் அது செவ்வனே இயங்கும். உரிமக் கட்டணமும் இல்லை. இவற்றினும் மேலான சிறப்பொன்று உண்டு. அதன் அமைப்பு விபரங்களிற் பெரும்பாலன, மனிதர் வாசிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்புகளாகவே உள்ளன. எழுதியதை எவரும் வாசிக்கலாம், வாசித்தவர் திருத்தலாம்.

ஆயினும், கோளாறு நேர்ந்தவுடன் மாணாக்கர் வாயிலிருந்து எழும் முதல் மொழி, "சேர், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவம்" என்பதே. அம்மொழியின் அபாயத்தை யாம் கண்கூடாகக் கண்டது 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே.

கூடத்து மூலையிலிருந்த கணினியொன்று, ஒருநாட் காலை வழமையான முகத்தைக் காட்டவில்லை. கறுத்த திரையில் ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்தது. பின்னர், அவசர நிலையில் உள்ளீர் என ஆங்கிலத்தில் எழுதி நின்றுவிட்டது. எம் மாணாக்கர் ஊரூராகச் சென்று முதியோரிடம் ஒலிப்பதிவு செய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அரிவுவெட்டுப் பாடல்களும் அக்கணினியிலேயே இருந்தன. பாடியவருள் மூவர் அதற்குட் காலமாகிவிட்டனர். பதிவுகளிற் சிலவற்றுக்கே வேறிடத்திற் படி இருந்தது. நிறுவுதற்குரிய பென்டிரைவைக் கையிலெடுத்துவிட்ட மாணவரைப் பொறுக்கச் சொல்லி, திரையிலுள்ளதை ஒரு சொல்லும் விடாது உரக்க வாசிக்குமாறு பணித்தோம்.

வாசிக்கவே வழி திறந்தது. நிர்வாகியின் கடவுச்சொல்லை இட்டு நுழைந்து, 'ஜேர்னல்சிடிஎல்' என்னும் கட்டளையால் நாட்குறிப்பைப் பார்க்குமாறு அவ்வியந்திரமே கூறியிருந்தது. நாட்குறிப்பிலே பிழைகள் பல நிரையாக நின்றன. அவற்றுள் முன்னே நின்றதையே முதலில் நோக்கினோம். ஏனையவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. ஒரு வன்தட்டை எதிர்பார்த்ததாகவும், குறித்த நேரத்துள் அது வந்திலதாகவும் அவ்வரி உரைத்தது.

எவ்வெவ் வன்தட்டுகளை எங்கெங்கே இணைத்தல் வேண்டும் என்பதைக் கூறும் கோப்பு 'எஃப்எஸ்டாப்' எனப்படும். ஒவ்வொன்றையும் நீண்டதோர் அடையாளத் தொடரால் அது குறிக்கும். உண்மையில் இணைந்துள்ளவற்றைக் காட்டுதற்கு 'பிஎல்கேஐடி' என்னும் கட்டளை உண்டு. இரு பட்டியல்களையும் தாளில் அருகருகே எழுதி ஒப்புநோக்கச் செய்தோம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த வரலாற்றை வகுப்பிற் கேட்டிருந்த மாணவர்க்கு, இவ்வேலை புதிதாகத் தோன்றவில்லை. கோப்பில் இருந்த அடையாளங்கள் மூன்று. இயந்திரம் காட்டியவை இரண்டே.

மூன்றாவது எங்கே? வினவியபோது விளங்கிற்று. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் கிடைத்தல் அரிதாயிற்று; அதனால் இக்கணினியின் இரண்டாம் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினிக்குப் பொருத்தியிருந்தனர். தட்டுப் போயிற்று, அதனைக் குறித்த வரி போகவில்லை. வாராத விருந்தினருக்கு இலை போட்டுக் காத்திருக்கும் வீட்டாரைப் போல அவ்வியந்திரம் காத்திருந்தது.

திருத்தம் மிகச் சிறிது. முதலிற் கோப்பின் படியொன்றை வேறு பெயரில் வைத்தோம். பின்னர், அவ்வரியின் முன்னே # என்னும் குறியை இட்டோம். அக்குறியுள்ள வரியை முறைமை பொருட்படுத்தாது. மீண்டும் ஏற்றியதும் வழமையான திரை தோன்றிற்று. பாடல்கள் யாவும் பழுதின்றி இருந்தன. அன்றே அவற்றை வேறு இரண்டிடங்களிற் படியெடுத்தனர். மறைந்துபோன மூதாட்டி ஒருவரின் தாலாட்டை ஒரு மாணவி ஒலிக்கவிட்டபோது கூடம் முழுதும் அமைதியாயிற்று.

நோய் ஓரிடத்திலும் அதன் வேர் பிறிதோரிடத்திலும் இருத்தல் உண்டு. பின்னொருநாள் வேறொரு கணினி, மென்பொருட் புதுப்பிப்புகளை ஏற்க மறுத்தது. களஞ்சியத்தின் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்பது அது காட்டிய செய்தி. 'இன்னும்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்ட மாணவரொருவர் திகதியைப் பார்த்தார். கணினி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. உள்ளே மணிக்கூட்டை இயக்கும், நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது. வலையமைப்பிலிருந்து நேரம் பெறும் வழியும் அங்கே அடைபட்டிருந்தது. மின்கலத்தை மாற்றி நேரத்தைத் திருத்தியதும் மறுப்பு ஒழிந்தது. ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்கியதன் பயன் இது.

அழித்து நிறுவுதல் எக்காலத்தும் தகாதென யாம் கூறவில்லை. சேமித்தவற்றை முதலிற் காத்துக்கொண்டு, வேறு வழியின்மை தெளிந்தபின் அதனைச் செய்தல் தகும். ஆனால், காரணம் காணாது அழிப்பவர் பிழையோடு அறிவையும் அழிக்கின்றார். அதே பிழை மீண்டும் வரும்போது முன்போலவே திகைத்து நிற்பார். செய்தியை முழுதும் வாசித்தல், முதற் பிழையை நாடுதல், மாற்றுமுன் படியெடுத்தல், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல், செய்ததைக் குறித்துவைத்தல் ஆகிய இவ்வைந்தும் கைவரப்பெற்றவர், இயந்திரம் எதுவாயினும் அஞ்சார்.

எம் இளைய மாணாக்கர் பொறுமையோடு வாசிக்கப் பழகுவாராக. கணினிகளை ஈந்த பழைய மாணவர்க்கு அவர்கள் செலுத்தும் நன்றியும் அதுவேயாகும்.