தென்பெண்ணையின் தலைமாட்டில்

பெங்களூரின் சர்ஜாபூர் சாலைப் பக்கம் வீடு பிடித்தபோது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் கைகொண்ட்ரஹள்ளி ஏரி. கன்னடம் தெரியாது. சன்னலைத் திறந்தால் அடுக்குமாடிகளும் தண்ணீர் லாரிகளும்தான். ஏரிக்கரையில் நடக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் இறங்கி உட்காரும். கூழைக்கடா, நீர்க்காகம், தாழைக்கோழி என்று எல்லாம் ஊரில் பார்த்துப் பழகிய பறவைகள். 2000-களின் இறுதியில் சாக்கடை கலந்து வற்றிக் கிடந்த ஏரியாம் இது. சுற்றுவட்டாரக் குடியிருப்புவாசிகளும் ஊர்க்காரர்களும் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது. கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "தாத்தா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று தமிழிலேயே கேட்டேன். பெங்களூர் பெரியவர்கள் பலருக்குத் தமிழ் புரியும்.

"சௌளு கெரெ. அப்புறம் வர்த்தூரு. அப்புறம் உங்க தமிழ்நாட்டுக்குத்தான்" என்றார், அரிவாளை நிறுத்தாமலே.

அன்றிரவு வரைபடங்களை விரித்து உட்கார்ந்தேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது பெங்களூர். மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் மழை ஏரி ஏரியாக நிரப்பி, பெல்லந்தூர், வர்த்தூர் என்று இறங்கி, தட்சிண பினாகினியில், அதாவது நம் தென்பெண்ணையில், சேர்கிறது. அந்த நீலக்கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். ஓசூர், கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர். விரல் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஊர் திருக்கோவிலூருக்குப் பக்கம். கபிலர் குன்று நடுவில் நிற்கும் அந்த மணலாற்றில்தான் நான் நீச்சல் பழகினேன். பிழைப்புக்காக வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தவன், என் ஆற்றின் தலைமாட்டில் வந்து படுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆறு தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஆற்றின் பிறப்பிடம் என்று நூல்கள் சொல்வது நந்தி மலைத் தொடரின் சென்னகேசவ மலையை. 1478 மீட்டர் உயர நந்தி மலைக்குச் சூரியோதயம் பார்க்க விடியற்காலையில் வண்டிகள் வரிசை கட்டும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த மலைச் சுற்றுப்புறத்திலிருந்துதான் பாலாறு புறப்படுகிறது; நெல்லூர் பக்கம் கடலில் சேரும் வடபெண்ணை புறப்படுகிறது; அர்க்காவதி புறப்படுகிறது; நம் தென்பெண்ணையும் புறப்படுகிறது. மூன்று மாநிலங்களின் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்த மேடு அது.

மலையடிவாரத்து நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து பாணர், கங்கர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் கைவைத்துக் கட்டிய கோயில். அதன் படிக்கட்டுக் குளமான சிருங்கி தீர்த்தத்தில்தான் பினாகினி பிறந்தாள் என்பது ஐதீகம். பக்கத்துச் சன்னதியில் இருப்பவர் அருணாசலேஸ்வரர்! தென்பெண்ணை சாத்தனூரில் தேங்கி நிற்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். ஆற்றின் இந்த முனையிலும் அண்ணாமலையார் இருப்பதைப் பார்த்தபோது, உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சன்னதியில் வெகுநேரம் நின்றேன்.

ஆற்றைத்தான் காணோம். சென்னகேசவ மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் மணலும் முள்ளும் கிடந்தன. சுற்றிலும் தைலமரத் தோப்புகள், கல்குவாரிகள், ஆயிரம் அடிக்கும் கீழே போகும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய திராட்சைத் தோட்டங்கள். நிலத்தடி நீர் அவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்ட மண்ணில் ஓடைக்கு ஊற்று எங்கிருந்து கசியும்? நல்ல மழை பெய்தால் தவிர ஆற்றில் ஓட்டம் இல்லை.

அப்படியானால் ஓசூருக்குள் ஆண்டு முழுவதும் நுழையும் தண்ணீர் எது? என் தேடலின் நிஜமான விடை அங்கேதான் இருந்தது. பெங்களூரில் இருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீரைச் சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1974-இல் தொடங்கிய திட்டம் இது. கிழக்குச் சரிவில் இருப்பவர்கள் அதில் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். கழிவாகி அது பெல்லந்தூருக்கு இறங்குகிறது. காவிரியில் எடுத்த தண்ணீர், சோப்பும் சாக்கடையுமாக, பெண்ணையில் விடப்படுகிறது. பெண்ணைக்கு இன்று மலையைவிட இந்த நகரத்தின் குளியலறைகளே பெரிய ஊற்று.

சுமார் 900 ஏக்கர் பெல்லந்தூர் ஏரி 2015-இலும் பிறகும் தீப்பற்றி எரிந்தது. 2018-இல் ராணுவத்தினர் வந்து அணைத்தார்கள். ஏரி எரிகிறது என்று உலகமே வேடிக்கை பார்த்தது. அதே நுரை ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் மலைமலையாகப் பொங்கி வயலுக்குள் போவதை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. சோப்புத்தூளின் ரசாயனங்கள் ஏரியில் சேர்ந்து கிடக்கும். மழை கலக்கிவிட்டு, மதகில் விழும்போது காற்றும் புகுந்தால் நுரை எழும். அணைக்கரையில் நின்று அந்த நெடியைச் சுவாசித்தபோது கோபம்தான் வந்தது. பெங்களூரில் ஏரியையும் அதன் நிலத்தையும் மதித்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அங்கே தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்திருந்தேன். விண்ணமங்கலம் ஏரி நிலத்தைச் சாமிக்குக் கொடுத்ததைப் பற்றிப் பேசும் கல்வெட்டும் அங்கே உண்டு. அந்தத் தொம்மலூரின் மழைநீரும் பெல்லந்தூருக்குத்தான் வரவேண்டும்.

சுத்திகரித்த கழிவுநீரில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரைக் கோலாரின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. கோலாருக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றின் வழியே கீழே இருப்பவனுக்கு நுரையும், மேட்டில் இருப்பவனுக்குச் சுத்திகரித்த நீரும் என்றால் அது நியாயமில்லை. சுத்தம் செய்துதான் ஆற்றில் விட வேண்டும், விடுவதும் வேண்டும்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாமிகள் ஆற்றுக்கு வந்திருந்தன. மணலெங்கும் கரும்பும் சிறுவள்ளிக்கிழங்கும் விற்றார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் திறந்து கரைகளை அறுத்துப் போன வெள்ளத்தைப் பற்றித்தான் எல்லாருக்கும் பேச்சு. சித்தப்பாவிடம் நான் தேடிப் போன கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏம்பா, அப்ப நீ விடுற தண்ணியும் இங்கதான வருது? அங்க இருக்கறவங்ககிட்ட சொல்ல மாட்டியா?" என்றார்.

பெங்களூர் திரும்பியதும், எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் என் அரைகுறைக் கன்னடத்தில் அதைச் சொன்னேன். கைகொண்ட்ரஹள்ளியிலிருந்து வர்த்தூர் வரை ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயில் எந்தெந்தக் குழாய் சாக்கடையை இறக்குகிறது என்று நடந்தே குறிக்கும் வேலையில் இப்போது நானும் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்துக் குழாயும் அந்தப் பட்டியலில் உண்டு. அதன் பரிசோதனை அறிக்கையை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.