மதிப்பெண் போட்ட தாள்கள்

சில ஆண்டுகளுக்கு முன் கப்பலூர்ப் பக்கம் உள்ள ஒரு நிறுவனத்தில் தகவல் தொடர்புத் திறன் பயிற்சி நடத்த என்னை அழைத்தார்கள். தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். முன்பு ஒருவர் ஆங்கிலத்தில் நடத்தியது யாருக்கும் புரியவில்லையாம். உற்பத்தி, கிடங்கு, சரக்கு அனுப்பும் பிரிவு ஆகியவற்றிலிருந்து முப்பது பேர், இரண்டு நாள்கள். ஒரு பிரிவு சொல்வது இன்னொரு பிரிவுக்குப் போய்ச் சேராமல் சரக்கு மாறிப் போகிறது என்பதே நிர்வாகத்தின் குறை.

மேலாளர்கள் முதல் நாள் காலையில் வந்து தொடங்கி வைத்துவிட்டுப் போனார்கள். நான் தயங்காமல் பேசுவது, சுருக்கமாகச் சொல்வது, சொன்னது புரிந்ததா என்று உறுதிசெய்துகொள்வது என்று உற்சாகமாகவே நடத்தினேன். இரண்டாம் நாள் மாலை கருத்துத் தாள் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். மதிய உணவுக்கும் அதே ஐந்துதான் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அங்கே போக நேர்ந்தது. கிடங்குப் பிரிவில் பணிசெய்யும் பெண்ணொருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். பயிற்சி பயன்பட்டதா என்று கேட்டேன்.

“பேசத் தெரியாமலா சார் இருக்கோம்? சரக்கு மாறுதுன்னு முன்னாடியும் சொன்னோம். சொன்னா காதுல வாங்கணும்ல.”

வாங்கிய ஊதியம் அன்று பையில் கனத்தது.

பயிற்சியை நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்று அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே எழுதினார். பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா என்பவை அவை. நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

நம் தென்னிந்தியக் கிராமங்களிலேயே கடைசிப் படிவரை அளந்த முன்மாதிரி ஒன்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரையால் பார்வை மங்கியவர்களை அறுவைக்கு இணங்க வைக்க எந்த வழி உதவும் என்று தென்னிந்தியக் கிராமங்களில் எட்டு விதமான முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. பேச்சு நன்றாக இருந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் அறுவைக்கு வந்தார்கள் என்று எண்ணினார்கள். செலவு முழுவதையும் ஏற்ற இடங்களில் கூடுதலானோர் வந்தார்கள். எடுத்துச் சொன்ன வழிகளில், அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடுவீடாகப் போய்ப் பேசியது அதிகம் பலித்தது. வழியில் கிடக்கும் தடையை நீக்காமல் பேச்சை மட்டும் மெருகேற்றிப் பயனில்லை என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

கப்பலூரில் தடை எது என்பதை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வகுப்பில் பல முறை நடத்திய ஒன்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. திருக்குறளில் சொல்வன்மை 65-ஆம் அதிகாரம், அமைச்சனுக்குச் சொன்னது. கேள்வி 42-ஆம் அதிகாரம். அரசனுக்குரிய பகுதியில் முன்னதாகவே வந்துவிடுகிறது. கற்றவர் சொல்லும் நூற்பொருளைக் கேட்பதையே உரையாசிரியர்கள் அங்கே கருதினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மேலே இருப்பவன் முதலில் கேட்கப் பழக வேண்டும் என்ற வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. நானோ சொல்வன்மையைத் தொழிலாளிக்கு நடத்திவிட்டு, கேள்வியை நடத்த வேண்டியவர்களைத் தொடக்கவுரையோடு அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஆண்டும் அழைத்தார்கள். இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். மேலாளர்களும் இரண்டு நாளும் உடன் உட்கார வேண்டும். பயிற்சிக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், மாறிப்போன சரக்குகளை எண்ண வேண்டும். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு அழைக்கவில்லை. அந்தக் கருத்துத் தாள்களின் நகல் என்னிடம் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவை என் பயிற்சிக்குப் போட்ட மதிப்பெண்ணாகத் தெரிவதில்லை. அந்த முப்பது பேரின் மரியாதையாகத்தான் தெரிகிறது.